அழித்து எழுதிய எண்

தேங்காய்க் களத்தில் கணக்கு எழுதுகிறவர்கள் தப்பாக விழுந்த எண்ணை அழிப்பதில்லை. அதன்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போடுவோம். அடியிலிருக்கும் பழைய எண் படிக்கிற மாதிரியே இருக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முதலாளி சொல்லிக் கொடுத்தது இது. "தப்பு வர்றது சகஜமுங் அம்மிணி. அழிச்சுட்டா மட்டும் அப்புறம் எதையுமே நம்ப முடியாதுங்." பதினாறு வருடத்தில் அந்தப் பேரேட்டில் ஓர் எண்ணைக்கூட நான் அழித்ததில்லை. அழித்தது வேறொரு நோட்டில். அதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுத முடியாது.

எங்கள் களம் காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஏக்கர் கணக்கில் சிமென்ட் தரை. பகலில் உடைத்த தேங்காய் வரிசை வரிசையாக வாய் திறந்து காயும். கொப்பரைக்கு வெயில் வேண்டும் என்பதால் களத்தைச் சுற்றி மரம் வைக்க மாட்டார்கள். அதனால் இரவில் அங்கே நடுவில் நின்றால் நாலு பக்கமும் வானம் தரைவரை இறங்கிவிடும். வடமேற்கே திருப்பூர் வெளிச்சம் ஆரஞ்சாகத் தெரியும். தெற்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள். கிழக்கே ஒரு கோழிப்பண்ணையின் குழல்விளக்குகள். அவை நீங்கலாக மிச்சமெல்லாம் இருட்டு. பகல் முழுக்க வெயில் குடித்த சிமென்ட் இரவு பத்து மணிவரை சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். அதுவரை நட்சத்திரங்கள் கொதிக்கும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நடுங்கும். அப்போதெல்லாம் வேலி தாண்டிப் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்குப் போய்விடுவேன். கொழுக்கட்டைப் புல் முளைத்த மண் சீக்கிரம் ஆறிவிடும்.

ஆனி, ஆடியில் ஒன்றும் நடக்காது. தென்மேற்கு மழை மேற்கு மலையிலேயே இறங்கிவிட, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் ஓடுகிற மேகமும்தான் எங்களுக்கு வரும். தை பிறந்தால் வானம் கழுவிவிட்டதுபோல் ஆகிவிடும். எனக்குத் தை, மாசி, பங்குனிதான் அறுவடைக் காலம்.

நான் செய்வது சின்ன வேலை. ஒளி மாறுகிற சில விண்மீன்களையும், வந்துபோகிற வால் நட்சத்திரங்களையும் பார்த்து, இன்றைக்கு இவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண் எழுதுகிறேன். அதை மாறொளி விண்மீன்களுக்காக 1911-இல் அமெரிக்காவில் தொடங்கிய நோக்கர் சங்கத்தின் தொகுப்புக்கு அனுப்புகிறேன். உலகம் முழுக்க இப்படிப் பல்லாயிரம் பேர். ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோரிடத்தில் திறந்திருக்கும். ஒருவர் கண்டதை அடுத்தவர் சரிபார்க்க, நூறு வருடத்துக்கும் மேலாக அந்த வரைகோடு அறாமல் நீள்கிறது.

வானத்தை எனக்குக் காட்டியவர் அப்பாரு, என் தாத்தா. 1997 பங்குனி மாதம், எனக்குப் பதினோரு வயது. பொழுது விழுந்ததும் சாளை வாசலில் நின்றால் வடமேற்கே ஹேல்-பாப் வால் நட்சத்திரம் தெரியும். ஊரே பார்த்தது. அப்பாரு மட்டும் கயிற்றுக் கட்டிலைவிட்டு எழவில்லை.

"எங்க காலத்துல வந்ததுக்கு இது குஞ்சு, கண்ணு."

அவர் சொன்ன கதை இது. அப்போது மோட்டார் இல்லை. கோழி கூப்பிடும் முன்னே எழுந்து, மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்ட வேண்டும். மாடு இறங்குகிற சரிவு கிழக்கு பார்த்தது. தீபாவளி கழிந்த வாரம், ஒருநாள் வடத்தின்மேல் உட்கார்ந்து மாட்டை இறக்கும்போது எதிரே வானத்தில் வெள்ளைச் சுவர் மாதிரி ஒன்று நின்றது. மாடு நின்றுவிட்டது என்பார். மாட்டை நிறுத்தியது இவராகத்தான் இருக்கும். எத்தனை நீளம் என்று கேட்டேன். கையை முழுக்க நீட்டி, விரலை விரித்து வானத்தில் வைத்து அளந்து காட்டினார். "ஒரு சாணுக்கு மேல."

அது இகேயா-செகி வால் நட்சத்திரம், 1965. கண்டுபிடித்தவர்கள் இருவருமே தொழில்முறை வானியலாளர்கள் இல்லை. கவோரு இகேயா பியானோ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். சுதோமு செகி கிதார் சொல்லிக் கொடுத்தவர். ஜப்பானில் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு, செப்டம்பர் 18 அன்று சில நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கண்டார்கள். அக்டோபர் 21 அன்று அது சூரியனை உரசுகிற மாதிரி சுற்றி வந்தது. அதற்குப் பின்தான் விடியற்காலையில் வால் பெரிதாக எழுந்தது. அந்த மாதம் 24-ஆம் தேதி அமாவாசை. தீபாவளி கழிந்த வாரம் என்று அப்பாரு சொன்னது அப்படியே பொருந்துகிறது: விடியலில் நிலாத் தொந்தரவு இல்லாத நாட்கள். நீட்டிய கையில் ஒரு சாண் என்பது ஏறத்தாழ 20 பாகை. அந்த வால் 25 பாகைவரை நீண்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் முப்பத்திரண்டு வருடம் கழித்துச் சொன்ன அளவு இது. எழுதி வைத்திருந்தால் அது ஒரு நல்ல பதிவு. தேதி மட்டும்தான் குறை.

எண் எழுதுவது எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். ஒரு விண்மீனைத் தனியாகப் பார்த்து அதன் வெளிச்சத்தைச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டை ஒப்பிட்டு எது பெரிது என்று சொல்லக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். வெளிச்சம் மாறாத இரண்டு மீன்களை எடுத்துக்கொள்கிறோம், ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல். நம் மீன் இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறோம். மூன்றும் வானத்தில் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். தாழ இருப்பதைக் காற்றுப் படலம் மங்க அடித்துவிடும். சிவப்பு மீனை முறைத்துப் பார்க்கவே கூடாது, பார்க்கப் பார்க்கக் கண்ணில் அது பெருகும். சட்டென்று பார்த்துச் சட்டென்று விலக வேண்டும். வரைபடத்தில் ஒரு மீனின் வெளிச்ச எண் 8.6 என்பதை 86 என்றுதான் அச்சிட்டிருப்பார்கள், தசமப் புள்ளியை யாராவது நட்சத்திரம் என்று எண்ணிவிடக் கூடாதே என்று. எத்தனை பேர் ஏமாந்த பிறகு வந்த வழக்கமோ! அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இந்த அளவுகோலுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் 2.512 மடங்கு, ஐந்து படி இறங்கினால் நூறில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். ஐந்து வருடம் கழித்து அவர் சென்னை வானாய்வகத்துக்குத் தலைவராக வந்தார், சாகும்வரை இங்கேயே இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல், ஐரோப்பாவிலிருந்து பார்க்கவே முடியாத தென்வானத்தில், ஒளி மாறுகிற விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். இன்றும் அது ஆர் ரெடிகுலி என்ற பெயரில் பட்டியலில் இருக்கிறது. 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது பொதுமக்களுக்காகத் தமிழிலும் விளக்கம் எழுதினார். நம் பள்ளிப் புத்தகங்களில் அவர் பெயரை நான் பார்த்ததே இல்லை. அது எனக்குப் பெரிய வருத்தம்.

இனி, அழித்த கதை.

திருவாதிரை மீனை நான் 2012-லிருந்து பார்த்து வருகிறேன். கருவி வேண்டாம், வெறும் கண் போதும். செக்கச்செவேல் என்று இருக்கிற அது ஒரு பூதாகரமான, முதிர்ந்த மீன், 500 ஒளியாண்டுகளுக்கும் அப்பால். சுமார் நானூறு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் ஏறி இறங்கும். பெரும்பாலும் 0.5-ஐ ஒட்டி நிற்கும். ஒப்பிட ரோகிணி 0.9, புனர்பூசத்து இரட்டையில் மஞ்சளாக இருப்பது 1.1.

2019 மார்கழி முதல் வாரம். இரவு பதினோரு மணிக்குமேல் களத்தில் நின்று பார்த்தேன். ரோகிணியைவிட மங்கல். மீண்டும் பார்த்தேன். புனர்பூசத்தைவிடவும் ஒரு துளி மங்கல். நோட்டில் பென்சிலால் 1.2 என்று எழுதினேன். எழுதியபின் கை நின்றுவிட்டது. ஏழு வருடத்தில் நான் 0.9-ஐவிட மங்கலாக எழுதியதே இல்லை. கண்ணில் தூசியோ, மெல்லிய மேகமோ, நாள் முழுக்கக் கணக்குப் பார்த்த களைப்போ. கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த நாட்களில் 0.7 இருக்கலாம் என்று பட்டது. ரப்பரை எடுத்து 1.2-ஐ அழித்துவிட்டு 0.7 என்று எழுதினேன். அன்றிரவே அனுப்பியும் விட்டேன்.

அடுத்த வாரம் டிசம்பர் 26. கொங்கு நாடே சூரியனைப் பார்த்தது. கோவை, ஈரோடு, கரூர், எங்கள் காங்கேயம் என எல்லா இடத்திலும் வளைய கிரகணம். களத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு அட்டையில் துளையிட்டு வளையத்தைத் தரையில் விழவைத்துக் காட்டினேன். அந்தக் கொண்டாட்டம் அடங்கிய பிறகுதான் செய்தி என்னிடம் வந்தது. திருவாதிரை மங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் கைனனும் ரிச்சர்ட் வசடோனிக்கும் டிசம்பர் 8 அன்றே வானியலாளர்களின் அவசர அறிவிப்பில் அதை எழுதிவிட்டார்கள். அவர்கள் 7-ஆம் தேதி கருவியால் அளந்தது 1.12. நான் பார்த்த நாளில் அது இன்னும் இறங்கியிருந்தது.

என் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை.

ஜனவரி 10 அன்று ஆருத்ரா தரிசனம். அம்மா களி கிண்டினாள். பேரூருக்குப் போன சொந்தக்காரர்கள் திருநீறு கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த மீனைப் பார்க்க வேண்டும் என்று மனது அடித்துக்கொண்டது. ஆனால் மார்கழித் திருவாதிரை என்றாலே நிறைநிலா அந்த மீனை அண்டி வருகிற நாள். அதன் திருநாள்தான் அதை அளக்க ஆகாத நாள். "நிலா மிக அருகே, மதிப்பீடு இல்லை" என்று எழுதினேன். பேனாவால். பென்சிலை அந்த வாரமே விட்டுவிட்டேன்.

மாசியில் அது 1.6-க்கு வந்து நின்றது. வழக்கமான ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பக்கத்திலிருக்கும் பெல்லாட்ரிக்ஸும் அதுவும் சரிசமம். இரண்டும் வேட்டைக்காரன் (ஓரியன்) கூட்டத்தின் தோள்கள்; எது எந்தத் தோள் என்று தடுமாற்றமே வந்தது. வெடிக்கப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. வெடிக்கவில்லை. சிலியிலிருக்கும் பெரிய தொலைநோக்கியின் படங்களை வைத்து 2021-இல் காரணம் சொன்னார்கள்: மீனின் முகத்தில் ஒரு பகுதி குளிர்ந்தது, முன்பே அது கக்கிய வாயு தூசியாக உறைந்து நமக்கு முன்னே திரையிட்டது.

என் ஒரு தப்பான எண்ணால் யாருக்கும் நட்டமில்லை. அன்றைக்கு எழுதிய மற்றவர்களின் எண்களுக்கு நடுவே அது தனியாகத் துருத்திக்கொண்டு நின்றிருக்கும், ஆராய்கிறவர் ஒதுக்கியிருப்பார். ஆனால் என்னைப்போலவே எல்லோரும் ரப்பரை எடுத்திருந்தால்? எதிர்பாராதது தொடங்குகிற நாளில்தான் எல்லோருக்கும் கை நடுங்கும். அந்த நாளின் எண்தான் வேண்டியதும்.

இதை நினைத்து ரொம்ப நாள் தூங்காமல் கிடந்தேன். 0.7-ஐத் திருத்தி 1.2 என்று அனுப்பலாம். நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் பென்சில் தடம் இன்னும் தெரிகிறது. ஆனால் விடை தெரிந்த பின் அனுப்புகிற 1.2, நான் பார்த்த 1.2 ஆகாது. கடைசியில் அந்தப் பதிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அன்றைய இரவுக்கு நேரே என் பெயரில் இப்போது ஒன்றுமில்லை.

பெரிய தொலைநோக்கிகள் வந்த பிறகும் எங்கள் வேலைக்குத் தேவை இருக்கிறதா என்று கேட்பார்கள். சிலியில் 8.4 மீட்டர் ஆடியுள்ள ரூபின் வானாய்வகம் 2025-இல் முதல் படங்களை வெளியிட்டது. திருவாதிரை மாதிரி வெறும் கண்ணுக்குத் தெரிகிற மீனை அதன் கேமராவால் அளக்க முடியாது, வெளிச்சம் நிரம்பி வழிந்துவிடும். மங்கலானதெல்லாம் அதற்கு, பிரகாசமானதெல்லாம் இன்னும் எங்களுக்கு.

2024 சித்திரையிலிருந்து வேறொரு காவல். வடமகுடம் என்று சொல்லப்படும் அரைவட்டக் கூட்டத்தில், டி கொரோனே போரியாலிஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. ஒரு வெண்குள்ளன், அதாவது எரிந்து முடிந்த மீனின் சிறிய, அடர்ந்த மிச்சம், பக்கத்திலிருக்கும் செம்பெரு மீனிடமிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சித் தன்மேல் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. சேர்ந்தது பாரம் தாங்காமல் பற்றிக்கொள்ளும்போது, பத்தாம் படியில் கிடக்கும் மீன் சில மணி நேரத்தில் இரண்டாம் படிக்கு ஏறிவிடும். 1866-இல் ஏறியது, 1946-இல் ஏறியது. சுமார் எண்பது வருடக் கணக்கு என்பதால் எல்லோரும் காத்திருந்தோம். என் 10×50 பைனாகுலரில் அது சாதாரண நாளில் தெரியவே தெரியாது. ஆகவே ஒவ்வொரு இரவும் நான் எழுதியது: "தெரியவில்லை, 9.0-ஐவிட மங்கல்."

எங்கள் வாட்ச்மேன் வயதானவர். முன்பு தறி ஓட்டியவர். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏனுங் அம்மிணி, இன்னைக்கும் ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமில்லீங்ணா."

"ஒண்ணுமில்லைன்னு எழுதிப் போட்டா அவிய வாங்கிக்குவாங்களா?"

நான் 1866-ஐச் சொன்னேன். அயர்லாந்தில் ஜான் பர்மிங்காம் என்பவர் அந்தப் புது வெளிச்சத்தை முதலில் கண்டார். அதற்குச் சில மணி நேரம் முன்புதான் ஏதென்ஸில் ஷ்மிட் என்ற வானியலாளர் அதே பகுதியைப் பார்த்திருந்தார். அங்கே புதிதாக ஒன்றுமில்லை என்று உறுதியாகச் சொன்னார். அந்த "ஒன்றுமில்லை" இருந்ததால்தான் மீன் எத்தனை வேகத்தில் ஏறியது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

அவர் முடிக்கவே விடவில்லை. "அதானுங், நம்ம கேட் நோட்டு மாதிரி. மூணு மணிக்குப் பூட்டு சரின்னு எழுதியிருந்தா, திருட்டு மூணுக்கு மேலதான்." மணிக்கொரு தரம் களத்தைச் சுற்றிவந்து அவர் எழுதுகிற நோட்டு அது. எனக்கு ஒரு வருடம் பிடித்தது அவருக்கு ஒரு நிமிடத்தில் புரிந்துவிட்டது. அந்தக் கோடை முழுக்க மீன் வெடிக்கவில்லை. என் நோட்டில் "தெரியவில்லை" பக்கம் பக்கமாக நிற்கிறது.

அந்த வருடம் புரட்டாசியில் வால் நட்சத்திரம் வந்தது. 2023 ஜனவரியில் சீனாவின் ஊதா மலை வானாய்வகமும், பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்த அட்லஸ் தொலைநோக்கியும் கண்டது. சூசின்ஷான்-அட்லஸ் என்று பெயர். 2024 ஜூலையில், இது சூரியனை நெருங்கும் முன்பே நொறுங்கிவிடும் என்று அனுபவசாலி ஒருவர் கணித்து எழுதினார். பார்க்கிறவர்கள் கணிப்பை ஓரமாக வைத்துவிட்டு, பார்த்ததை எழுதிக்கொண்டே இருந்தார்கள். நொறுங்கவில்லை. செப்டம்பர் 27 அன்று சூரியனிலிருந்து 6 கோடி கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைந்த தொலைவில் சுற்றிக்கொண்டு திரும்பியது.

விடியும் முன்னே கிழக்கே அரைமணி நேரம்தான் அவகாசம். 28, 29, 30, மூன்று விடியலும் கிழக்கே மேகக் கரை. நான் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வந்து நின்று, "மேகம்" என்று எழுதிவிட்டுப் போனேன். மூன்றாம் நாள் பைனாகுலரை வாட்ச்மேனிடமே விட்டுவிட்டேன். கோழிப்பண்ணை விளக்குக்கு வலப்பக்கம், வேலியிலிருந்து மூன்று விரல் உயரம் என்று இடம் காட்டினேன்.

அக்டோபர் 1 விடியலில் போன் அடித்தது. "வெரசா வாங் அம்மிணி. சீமாறு மாதிரி நிக்குது."

போய்ச் சேரும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வெறும் கண்ணுக்கு மங்கலான ஒரு கீற்று. பைனாகுலரில் தலை மஞ்சளாக, வால் நேர் மேலே, நீட்டிய கையில் இரண்டு விரற்கடை. வால் நட்சத்திரத்தின் தலை புள்ளி அல்ல, பரவல். அதனால் ஒப்பிடும் மீனைக் குவியம் கலைத்து அதே அளவுக்குப் பரத்திப் பார்க்க வேண்டும். மேலே இருந்த ஆல்ஃபார்ட் மீனைக் கலைத்துப் பார்த்து, தாழ்வான உயரத்துக்குத் திருத்தம் போட்டால் 2-க்குப் பக்கம் வந்தது. எழுதினேன். கை நிற்கவில்லை. பத்து நிமிடத்தில் வெளிச்சம் அதைத் தின்றுவிட்டது. அந்த மாத நடுவில் அது மாலை வானத்துக்கு மாறியபோது வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது. ஐந்து நாள் "மேகம்", அப்புறம் நோட்டில் அது இல்லை.

மாதக் கடைசியில் சம்பளக் கணக்குக்காக வாட்ச்மேன் நோட்டு என் மேசைக்கு வரும். புரட்டிக்கொண்டே வந்தேன். 1-10-24. நீல மையில், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கோத்த கையெழுத்து.

"4.00 மில் சரி. களம் சரி. 5.00 கேட் பூட்டு சரி. 5.10 கெழக்கால வால் நட்சத்திரம், பாத்தது நான். 5.25 அம்மிணி வந்தாங்க. 5.40 தெரியலை. 6.00 கேட் தொறந்தாச்சு."